துவக்கில்லாத துவக்குக்காரர்

வெள்ளவத்தையில் கடல்பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் நாலு பென்சன்காரர் இருப்பார்கள். ஒருவர் முத்திரை சேர்ப்பார், ஒருவர் பிள்ளையார் சேர்ப்பார், மற்றவர் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் படம் சேர்ப்பார். நாலாமவர் துவக்குச் சேர்ப்பவர். அவரிடம் துவக்கு மட்டும் கிடையாது.

எப்படி இருக்கும்? 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஒரு பக்கம். அடையாள அட்டையில் பிறந்த இடமென்று போட்டிருக்கும் ஊர் மறுபக்கம். சண்டைக்காலம் முழுக்கப் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலி வீதியில் பால்மா வாங்கப் போன மனிதர், "ஒரு லீ-என்ஃபீல்டுக்கு லைசன்ஸ் தாங்கோ" என்று எந்தக் கந்தோர் வாசலில் போய் நிற்பது? ஆகவே துவக்கோடு ஒட்டிய அத்தனையையும் சேர்க்கிறார். தோள்வார், ரவை வைக்கும் கன்வஸ் பை, நச்சுவாயு முகமூடிப் பை, சாப்பாட்டுத் தகரம், இரும்புத் தொப்பி எல்லாம் உண்டு. தொப்பியில் மனைவி இரண்டு வருசம் கறிவேப்பிலைக் கன்று வளர்த்தா. அதை மீட்டெடுத்த கதை தனி யுத்தம். மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டில் பந்தலும் மேளமும் பந்தியும் தயாராக இருக்கிற மாதிரி அவருடைய அலுமாரி.

அதில் மகாராணி, எண்ணெய்ப் போத்தல். விரல் நீளப் பித்தளை. மூடியைத் திருகினால் கூடவே மெல்லிய கரண்டி ஒன்று வெளியே வரும். அதால்தான் எண்ணெயைத் தொட்டு விட வேண்டும். உடம்பில் பிரித்தானிய அரசின் சொத்தென்று சொல்லும் அம்புக்குறி. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்ற முன்னமே கேள்வி பாயும்:

"தம்பி, துவக்குப் பிடங்குக்குள்ள ஒரு கதவு இருக்கெண்டு தெரியுமோ?"

தெரியாதென்று சொன்னவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நின்றுதான் போக வேண்டும். அந்தப் பித்தளைக் கதவைத் திறந்தால் இந்தப் போத்தல், அதற்குப் பக்கத்தில் குழலைத் துடைக்கிற கயிறு, கயிற்றில் கோக்கச் சீலைத்துண்டு. பத்து ரவை கொள்ளும் பெட்டி, ஐந்தைந்தாகக் கிளிப்பில் வைத்து அமுக்க வேண்டும். வெறுங்கையால் அமுக்கியும் காட்டுவார். அவர் துவக்கைத் தொட்டதே இல்லை என்பதை அப்போது நம்புவது கஷ்டம்.

சனிக்கிழமைகளில் பஞ்சிகாவத்தையும் பழைய சோனகத் தெருவும். வேண்டிய சாமானைப் பார்த்தவுடன் பார்க்காத மாதிரி ஓர் உடைந்த லாம்பைத் தூக்கி விலை கேட்பது அவருடைய ராஜதந்திரம். முதலாளிக்கு இது மனப்பாடம். லாம்பைச் சும்மா கொடுத்துவிட்டு மற்றச் சாமானில் வட்டியோடு எடுத்துக்கொள்வார். வீட்டில் இப்போது லாம்புகளே ஓர் அறை.

ரொறன்ரோ மகன் வரும்போது ஓட்ஸ் வேண்டாம், விற்றமின் வேண்டாம். 1943 என்று பொறித்த வெறும் கிளிப் ஒன்று போதும். கட்டுநாயக்காவில் அது என்னவென்று விளங்கப்படுத்த வேண்டியவன் அவன்தானே, மறுத்தால் வரலாறு வரும்: "1942 ஏப்ரல் 4, கொக்கலையில இருந்து கற்றலீனாவில போய் ஜப்பான் கப்பல்களைக் கண்டு சொன்ன பேர்ச்சால் ஆர்? கனடாக்காரன்! நீர் அங்க இருந்து என்ன செய்யிறீர்? சினோ தள்ளுறீர்."

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. அன்று ரேஸ்கோர்ஸ் குதிரைத் திடலில் இருந்து 258ஆவது அணியின் ஹரிக்கேன்கள் கிளம்பின. இன்று அங்கே கடைத்தொகுதி. பேரப்பிள்ளைகள் ஐஸ்கிறீமைக் கேட்க, இவர் ஓடுபாதை போன திசையைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டு நிற்பார். ஐஸ்கிறீம் உருகும், திசை மாறாது.

இவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பங்காளி உண்டு. துறைமுகத்துக்கு அருகில் வளர்ந்த திமிர் அவருக்கு. சொத்து ஒரே ஒரு பித்தளைச் செல் கோது. அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் பூச்சாடியாக நிற்கிறது. தன் தாத்தா கூரையில் நின்று ஜப்பான் விமானங்களை எண்ணினவர் என்பார். கொட்டாஞ்சேனையில் எல்லோருடைய தாத்தாவும் கூரையில்தான் நின்றிருக்கிறார். ஈஸ்டர் காலைப் பூசைக்குப் போனவர் யாரென்றுதான் தெரியவில்லை. எத்தனை விமானம் விழுந்ததென்று பிரித்தானியர் சொன்ன கணக்கும் ஜப்பானியர் ஒப்புக்கொண்ட கணக்கும் இன்றுவரை ஒத்துவராதது இருவருக்கும் பெரிய வரம். மாதம் ஒருமுறை சண்டை பிடிக்க விசயம் வேண்டுமே.

1942ஐ மணிக்கணக்கில் சொல்லுகிறவரிடம், 83 ஜூலையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் மட்டும், "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று எழும்பிவிடுவார். அந்தச் சண்டைக்கு அலுமாரியில் ஒரு தட்டும் கிடையாது. எனக்கு அவரை அதிகம் பிடித்துப்போனதும் அதனால்தான்.

ஒருமுறை செக்கிங் வந்தது. இளம் கொன்ஸ்தாபிள் ஒருவர் அலுமாரியைத் திறந்தார். வாரைப் பார்த்தார், பையைப் பார்த்தார், எண்ணெய்ப் போத்தலை மணந்தார். முகம் இறுகியது.

"ஐயா, துவக்கு எங்க?"

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா. இவருடைய முகமோ மலர்ந்துவிட்டது. இத்தனை வருசத்தில் அலுமாரியைப் பார்த்துச் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள்!

"அதுதான் மகன் பிரச்சினை. உங்கட ஸ்டேசனில பழைய திறீ-நொட்-திறீ ஒண்டு சும்மா கிடக்குமோ?"