கடையத்து மாப்பிள்ளை

சென்னையில் வருஷக்கணக்காக ஒரே அடுக்குமாடியில் இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டால் மாடி எண் மாறுவதை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்போம். கடையத்துக்குக் குடிவந்த கொஞ்ச நாளிலேயே என் சம்பளம், சர்க்கரை அளவு, மூத்தவள் கணக்கில் எடுத்த மார்க் எல்லாம் தெருவுக்குத் தெரிந்துவிட்டன. பெயரை மட்டும் இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் மாப்பிள்ளை.

என் மனைவி பிறந்த ஊர் இது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னது. மாமனார் வீட்டில் பின்கட்டு பூட்டியே கிடந்தது. சென்னை வாடகை வருஷா வருஷம் ஏறியது. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தவள் என் மனைவி. எனக்கு விடை மட்டும் தெரிவிக்கப்பட்டது.

முதல் விசாரணையை டீக்கடையில் ஒரு பெரியவர் நடத்தினார்.

“சாருக்கு எந்த ஊரு?”

“மெட்ராஸ்.”

“அது பொழைக்கப் போன ஊரு. சொந்த ஊரு?”

“மாயவரம் பக்கம்.”

“சரி, இங்க யாரு வீடு?”

சொன்னேன். “அட, அவுக வீட்டு மாப்பிள்ளையா! இத மொதல்லயே சொல்லப்பிடாதா?” என்றவர் உள்ளே திரும்பி, “மாப்பிள்ளைக்கு ஒரு டீ, சீனி இல்லாம” என்றார். சீனியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த கேள்வி தோளில் தொங்கிய லேப்டாப் பையைப் பற்றியது. “மத்தளம்பாறையா?” ஜோஹோ கம்பெனி 2011இல் மத்தளம்பாறையில் கடை விரித்ததிலிருந்து, இந்த வட்டாரத்தில் லேப்டாப் வைத்திருப்பவன் அங்கேதான் வேலை பார்க்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். இல்லை, என் கம்பெனி பெங்களூரில் என்றேன். பெரியவர் முகத்தில் அப்படி ஓர் இரக்கம். “விடுங்க மாப்ள, முயற்சி பண்ணுங்க. கெடச்சிரும்.”

விலாசம் சொல்வதும் லேசான காரியமில்லை. 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் வீட்டில் ரேஷன் கார்டு திருநெல்வேலி மாவட்டம் என்கிறது, கரண்ட் பில் தென்காசி என்கிறது, என் ஆதார் இன்னும் சென்னையை விட்டு வர மறுக்கிறது. ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் பலகை ‘கீழக்கடையம்’ என்று சொல்லும். கூரியர் தம்பி இதில் எதையும் படிப்பதில்லை. போன் போட்டு, “யாரு வீடு?” என்று கேட்கிறார். மாமனார் பெயரைச் சொன்னால் பார்சல் வருகிறது. என் பெயரைச் சொன்ன பார்சல் ஒன்று பாவூர்சத்திரம் வரை போய்த் திரும்பியது.

இதற்கெல்லாம் வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. இதே ஊரில் எனக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை வந்து இருந்திருக்கிறார். புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, கடலூரில் கைதாகி, ஜெயிலிலிருந்து வெளிவந்த பாரதியார் 1918 டிசம்பரில் நேராக வந்தது கடையத்துக்குத்தான். செல்லம்மாவின் ஊர். 36 வயது, தமிழ்நாடு அறிந்த கவி, வெள்ளைக்காரன் சர்க்காரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த ஆள். கடையத்துக்கு அவர் செல்லம்மா வீட்டுக்காரர். அதிலும் ஒரு தினுசான வீட்டுக்காரர். கழுதைக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார், பெண்டாட்டி தோளில் கைபோட்டுக்கொண்டு தெருவில் நடந்தார் என்று இன்றைக்கும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். சொல்கிறவர் குரலில் பெருமை இருக்கும், கூடவே ‘இருந்தாலும்...’ என்று ஒரு சின்ன இழுப்பும் இருக்கும். 1920இல் அவர் மறுபடி சுதேசமித்திரன் வேலைக்குச் சென்னை போய்விட்டார். ஊர் ஊராகப் பாரதி தனியாகத்தான் நிற்பார், மீசையும் முண்டாசுமாக. கடையத்தில் மட்டும் 2022இல் செல்லம்மாவோடு சேர்த்துச் சிலை வைத்தார்கள். அதுதான் முறை. தனியாக நிறுத்தியிருந்தால், “இவுக யாரு வீடு?” என்று டீக்கடையில் கேட்டிருப்பார்கள்.

மாப்பிள்ளை என்றால் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் அதற்குக் கெடு உண்டு. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைச் சொதி என்று ஒன்று போடுவார்கள். தேங்காயை மூன்று தடவை பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். வெந்த பாசிப்பருப்பு, முருங்கைக்காய், எலுமிச்சம்பழச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டுமே. லீவுக்கு வந்துபோன காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த மணம் தெரு முனையில் வந்து என்னைக் கூட்டிப் போகும். குடிவந்த முதல் வாரமும் சொதி. அடுத்த வாரம் சாம்பார். மூன்றாம் வாரம் அத்தை, “மாப்பிள, பழைய கொழம்பு கெடக்கு, சுட வச்சுக்கிடுதீங்களா?” என்றார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவன் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்திருப்பான்.

வேலை நன்றாகத்தான் நடக்கிறது, கோயில் கொடை வராத நாட்களில். கொடை என்றால் வாரி வழங்குவது இல்லை, சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் எடுக்கும் திருவிழா. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். அதன் வாய் என் ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கும். ஒரு தடவை வில்லுப்பாட்டு உச்சத்தில் இருந்த நேரத்தில் எனக்கு அமெரிக்காக்காரரோடு மீட்டிங்.

“அங்கே என்ன சத்தம்? யாருக்காவது பிரச்சினையா?” என்று பெங்களூர் மேனேஜர் பதறினார்.

“சுடலைமாடன் பிறக்கப் போகிறார்.”

“எப்போது முடியும்?”

“பிறந்து, வளர்ந்து, பழிவாங்கி முடிக்க விடிந்துவிடும்.”

மைக்கை அணைக்கச் சொன்னார் மேனேஜர். அமெரிக்காக்காரர்தான் வேண்டாம் என்றார். அவருக்கு உடுக்கைச் சத்தம் பிடித்துவிட்டது. அந்த வருஷம் என் அப்ரைசல் சுமாராக இருந்ததற்கு இது காரணமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் இங்கே குடியிருப்பதன் உண்மையான விலை ஜூன் மாதம்தான் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து குற்றாலத்தில் சாரலாகத் தூவ ஆரம்பித்ததும், சென்னையில் என்னோடு லிஃப்டில் பேசாதவர்கள் எல்லாம் பேச ஆரம்பிக்கிறார்கள். “எப்படி சார் இருக்கீங்க?” என்று ஆரம்பித்து, நான் பதில் சொல்லும் முன், “சாரல் விழுதா?” “ஐந்தருவியில அஞ்சும் விழுதா?” குடியிருக்க வந்த நான் அருவி நிலவரம் சொல்லும் வானொலி நிலையமாகிவிட்டேன்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் விருந்து வைத்தார் என்பார்கள். அவர் வீட்டுக்கு ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். என் வீட்டுக்கு அடுக்குமாடிச் சங்கத்தின் பொருளாளர் குடும்பத்தோடு வருகிறார். வந்தவர்களை மெயினருவிக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று, முதுகில் இரண்டு நிமிஷம் தண்ணீர் அடிவாங்கி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் தப்பித்து, அங்கிருந்து பரோட்டாவுக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே நல்ல கடை இருக்கிறது என்றால் கேட்க மாட்டார்கள், பிரானூர் பார்டர்தான் வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம். அதோடு எல்லை புளியரைக்கு அப்பால் போய்விட்டது. பரோட்டாக் கல் மட்டும் பழைய பார்டரிலேயே நிற்கிறது. பிய்த்துப்போட்ட பரோட்டாவில் சால்னாவை வழிய ஊற்றி, காடை வறுவலைக் கடித்துக்கொண்டே பொருளாளர் கேட்டார்: “எப்பவும் இப்படித்தான் சாப்பிடுவீங்களா? கொடுத்து வச்சவர் சார் நீங்க.” அன்று காலை நான் சாப்பிட்டது சுடவைத்த பழைய குழம்பு.

உள்ளூர்க்காரர்கள் சீசனில் பகலில் அருவிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். என் மச்சினன் நடுராத்திரி இரண்டு மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வந்து தூங்குவான். அவன்தான் எனக்கு ஒரு யோசனை சொன்னான். அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸ் குளிக்கவிடாது. “யாரு போன் பண்ணாலும் ஆர்ச்சுக்கு மேல விழுதுன்னு சொல்லிருங்க அத்தான்.”

போன வாரம் சென்னையிலிருந்து போன். சாரல் விழுதா என்றார்கள். பிரயோகித்துவிட்டேன். ஆர்ச்சுக்கு மேல கொட்டுது, குளிக்கத் தடை, ஏமாந்து போயிடுவீங்க.

“அப்படியா? சூப்பர் சார்! நாங்க இதுவரை வெள்ளத்தப் பார்த்ததே இல்ல. ரெண்டு வேன்ல வர்றோம். தடை எடுக்கிறவரைக்கும் உங்க வீட்லயே இருந்துக்கலாம். பாத்ரூம் எத்தனை இருக்கு?”