கரியாலூர் டீக்கடை மரபில் ஜெர்மன் நகரத் தேர்வு: ஒரு பூர்வாங்க ஆய்வு

விடுமுறைக்கு ஜெர்மனி போனால் எந்தெந்த ஊர்களைப் பார்ப்பது என்ற கேள்வியை இதுவரை பயண நிறுவனங்களும் யூடியூப்காரர்களும் மட்டுமே கையாண்டு வருகிறார்கள். ஊரைத் தேர்ந்தெடுப்பவர் பயணம் போகிறவர்தான் என்று இரு தரப்பும் நம்புகின்றன. கல்வராயன் மலையில் நடந்த கள ஆய்வு இதை மறுக்கிறது. ஊரை முடிவு செய்கிறவர்கள் போகாதவர்கள். போகிறவர் செலவை ஏற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

களமாகக் கரியாலூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பெரியார் அருவி என்று வளைந்து வளைந்து ஏறிவரும் சுற்றுலாக் கூட்டம் படகுத்துறை பார்க்க இறங்கும் இடம் இது. 'இங்க பாக்க என்ன இருக்கு?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவர்கள் இவ்வூர்க்காரர்கள். ஒரு குடும்பம் எதைப் பார்த்து முகம் மலரும், எத்தனையாவது நிமிடத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும் என்பதில் இவர்களுக்கு உள்ள அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

முன்னோர் மரபும் துணை நிற்கிறது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் வழங்கும் கதைப்படி, அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துகொண்டார்கள். எந்த மலை யாருக்கு என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். நமக்கு வேண்டியது நெறிமுறை. மூன்று பேர், மூன்று மலை, விசா மையத்தில் வரிசை கிடையாது. உலகப் பயண இலக்கியத்தில் இவ்வளவு சச்சரவில்லாத இடத்தேர்வு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இனித் தரவு. இவ்வூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் மகன், சென்னையில் மென்பொருள் வேலை, அப்பா அம்மாவை ஜெர்மனிக்கு அழைத்துப் போவதாக அறிவித்தான். அக்கா டார்ட்முண்டில் இருக்கிறாள். ஷெங்கன் விசாவுக்கு எந்த ஊரில் எத்தனை இரவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் பையன் டீக்கடை பெஞ்சில் வைத்துப் பூர்த்தி செய்யத் தொடங்கியது ஆய்வாளனின் நல்வினை.

டார்ட்முண்ட் விவாதமின்றி நிறைவேறியது. சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊர் தேர்வுக்கு உட்பட்டதல்ல. அதைப் பார்க்கப் போவதில்லை, அங்கே தங்கித் துணி துவைக்கப் போகிறோம். பிராங்க்பர்ட்டும் சுலபம், சென்னையிலிருந்து விமானம் நேரே அங்குதான் இறங்குகிறது. ஒரே ஒரு சிக்கல், ஜெர்மனியில் பிராங்க்பர்ட் இரண்டு. ஒன்று மைன் ஆற்றங்கரையில், மற்றது போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில். கரியாலூரில் இது யாரையும் அசைக்கவில்லை. பக்கத்து வெள்ளிமலைக்குப் போக வேண்டியவன் கன்னியாகுமரி மாவட்டத்து வெள்ளிமலையை மேப்பில் போட்டுவிட்டுத் திகைத்து நின்றதைப் பார்த்த கூட்டம் இது.

மூனிக்கில் தொடங்கியது வினை. பையனுக்கு அக்டோபர் விழா ஆசை. அந்த விழா செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்றதும், ஆடித் தள்ளுபடியை ஆனியிலேயே போடுகிற கடைக்காரனை எவ்வளவு நம்புவார்களோ அவ்வளவுதான் மூனிக்கை நம்பினார்கள். விழாவில் விற்பது பீர் என்று தெரிந்தபின் அம்மா பேசவில்லை. பேசாதது தீர்ப்பு. அருகிலுள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைச் சொல்லி மீட்கப் பார்த்தான். இரண்டாம் லூட்விக் அரசன் 1869-ல் கட்டத் தொடங்கினான், முடிக்காமலே 1886-ல் இறந்தான், சில வாரங்களில் கோட்டையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். "காரியம் முடியறதுக்குள்ள டிக்கெட் போட்டுட்டானுங்களா?" என்றார் பால்காரர். மூனிக் முடிந்தது.

கொலோன் இதற்கு நேர்மாறு. அதன் பேராலயம் 157 மீட்டர் உயரம் என்றபோது ஒருவரும் நிமிரவில்லை. மலையில் பிறந்தவனிடம் உயரத்தைச் சொல்லி என்ன பயன்? 1248-ல் அடிக்கல், 1880-ல்தான் முடிந்தது என்றதும் பெஞ்சே எழுந்து உட்கார்ந்தது. 632 வருஷம்! இடையில் சில நூற்றாண்டுகள் வேலையே நடக்காமல் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி மட்டும் நின்றுகொண்டிருந்ததாம். நம் பக்கத்துச் சமுதாயக்கூடம் ஒன்றைப் பற்றி அன்றுவரை இருந்த மனத்தாங்கல் அந்த இடத்திலேயே கரைந்தது. கொலோனுக்கு இரண்டு இரவு ஒதுக்கப்பட்டது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஹாலேவுக்காக வாதாடினார். வாதம் கனமானது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஹாலேவில் படித்தவர். தமிழுக்கு அச்செழுத்துகளை அந்த ஊரில் வார்த்துக் கப்பலேற்றி அனுப்பினார்கள், 1713-ல் வந்துசேர்ந்தன. இங்கிருந்து போன ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேவிலுள்ள பிராங்கே அறநிலையத்தில் இருக்கின்றன. கூடவே லைப்சிக்கையும் சேர்க்கச் சொன்னார், குறளை ஜெர்மனில் பெயர்த்த கார்ல் கிரவுல் அந்த ஊர் மிஷனின் தலைவர், நூல் 1856-ல் வந்தது. சபை மரியாதையோடு கேட்டது. மரியாதையோடு கேட்கப்படும் யோசனை நிறைவேறுவதில்லை என்பது இவ்வாய்வின் துணைமுடிபுகளில் ஒன்று. "வாத்தியாரே, நம்ம சுவடிய நாமே காசு குடுத்துப் போய்ப் பாக்கறதா?" என்று ஒருவர் கேட்டதோடு அது நின்றது. ஆனாலும் மனசு வைத்து ஹாலேவுக்கு மட்டும் ஒரு இரவு தந்தார்கள்.

ரயில் நேரம் குறித்தும் ஒரு அமர்வு. ஜெர்மன் ரயில்வே ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் எடுப்பதில்லை, அப்படியும் அங்கே மக்கள் ஓயாமல் திட்டுகிறார்கள் என்று பையன் சொன்னான். பேருந்து நடத்துநர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். கருத்துச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பத்து நிமிடம் கழித்து எடுத்தார்.

ஆய்வின் உச்சம் ஹம். டார்ட்முண்டுக்குக் கிழக்கே, ஊன்ட்ராப் பகுதியின் தொழிற்பேட்டைக்குள், ஈழத்திலிருந்து போரால் பெயர்ந்து போன தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல் குடமுழுக்கு. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனம் திரளும். தீர்த்தவாரி அங்குள்ள கப்பல் கால்வாயில். எந்தக் காமாட்சி? காஞ்சி காமாட்சி. மலைக்கு வந்த மூவர் எந்த ஊர்? காஞ்சிபுரம். இவ்வளவு கெட்டியான சான்று கிடைத்தபின் கரியாலூருக்கும் ஹம்முக்கும் பங்காளி உறவு என்று நிறுவ ஆய்வாளன் தேவையே இல்லை. பெஞ்சே நிறுவிவிட்டது. அம்மா முதன்முறையாக வாய் திறந்தார்: "அங்க ரெண்டு நாள் இருப்போம். மாவிளக்குப் போட விடுவாங்களா கேளு." அதுவரை பட்டியலில் அவருக்கென்று எதுவும் இருக்கவில்லை என்பதை எல்லோரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

கடைசிக் கோளாறு ஹாலேவால் வந்தது. பையன் அவசரத்தில் அறை எடுத்தது வேறொரு ஹாலே, வெஸ்ட்பாலியாவிலுள்ள சிற்றூர். சீகன்பால்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேப்பைப் பார்த்தால் அது ஹம்முக்கு அத்தனை தூரமில்லை, பக்கத்து நகரம் பீலஃபெல்டு. பீலஃபெல்டு என்று ஒரு ஊரே இல்லை என்பது ஜெர்மானியர்களின் பழைய கேலி. 1994-ல் ஒரு மாணவர் கிளப்பிவிட்டது. 2019-ல் நகராட்சியே முன்வந்து, ஊர் இல்லை என்று நிரூபித்தால் பத்து லட்சம் யூரோ தருவதாக அறிவித்தது. நிறைய பேர் முயன்றார்கள், பணம் யாருக்கும் போகவில்லை.

பையன் இதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னான். மலையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து கடுக்காய் மூட்டையோடு வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "அங்க ரோடு போட்ருக்கானா?" என்றார்.

ரோடு, ரயில் நிலையம், டிராம், பல்கலைக்கழகம் எல்லாம் இருப்பதாகச் சொன்னான்.

"இல்லாத ஊருக்கே அவ்ளோ பண்ணிருக்கானா? எங்க ஊரு இருக்குதுன்னு ரேசன் கார்டுல போட்டிருக்கு, ரோடுதான் வரல. அத எழுதிக்கடா தம்பி, போய் நல்லாப் பாத்துட்டு வா. யார்கிட்ட மனு குடுத்தானுங்கன்னு கேட்டுட்டு வா."

விசாக் காகிதத்தில் 'பயண நோக்கம்' என்ற கட்டத்தில் பையன் 'சுற்றுலா' என்று ஏற்கெனவே எழுதியிருந்தான். அதை அடிக்கலாமா என்று விவாதம் தொடர்கிறது.