உங்கள் வார்டு

வாட்ஸாப்பில் வந்த செய்தி இது: "அன்புள்ள பெற்றோரே, உங்கள் வார்டு தொடர்பாகப் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குக் கல்லூரிக்கு வரவும்."

எனக்குத் தெரிந்த வார்டுகள் இரண்டுதான். ஒன்று பஞ்சாயத்து வார்டு, இன்னொன்று ஆஸ்பத்திரி வார்டு. இரண்டிலிருந்தும் நல்ல சேதி வந்ததாக நினைவில்லை. மகளிடம் போனை நீட்டினேன்.

"நான்தான்ப்பா வார்டு. அனுப்பினது என் மென்டர் மேம். இருபது பேருக்கு ஒரு மென்டர்."

"மென்டர்னா?"

"நம்மளப் பாத்துக்கிறவங்க."

எங்கள் காலத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. பாத்துக்கிறவர் மட்டும் ஒருத்தர் இருந்தார்.

1988இல் சிறுசேரியிலிருந்து செங்கல்பட்டு அரசுக் கல்லூரிக்குப் போய் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். திருப்போரூரில் இறங்கி பஸ் மாற வேண்டும். அந்த பஸ் வந்தால் கல்லூரி, வராவிட்டால் முருகன் கோயில் குளக்கரை. அப்போது சிறுசேரி என்றால் ஏரி, பனைமரம், சவுக்குத் தோப்பு. ஐ.டி. என்றால் வருமான வரி ஆபீஸ் என்றுதான் படித்தவர்களே சொல்வார்கள். எங்களில் யாருக்கும் அந்தக் கவலையும் இல்லை.

எங்கள் கணக்கு சாருக்கு ஒரு வழக்கம். பாடம் பாதியில் நிற்கும்போது சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு ஊர்க்கதை சொல்வார். அப்படித்தான் கணித மேதை சேஷாத்ரி எங்கள் வகுப்புக்குள் வந்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து இதே செங்கல்பட்டில் வளர்ந்த வக்கீல் வீட்டுப் பிள்ளை. 1948இல் சென்னை லயோலா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சார்லஸ் ராசீன் என்றொரு பிரெஞ்சுப் பாதிரியார், பாரிசில் எலி கார்த்தான் என்ற கணிதவியலாளரிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு 1937இல் இந்தியா வந்தவர். கணக்கில் பிடிப்புள்ள பையன் கண்ணில் பட்டால் விடமாட்டார். ஹானர்ஸ் முடித்தவன் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதுவதே வழக்கமாக இருந்த காலத்தில், பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே போ என்று தள்ளிவிடுவார். 1953இல் சேஷாத்ரி போனார். கூடவே நரசிம்மன் என்ற இன்னொரு மாணவர், தண்டரை கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பையன். எங்கள் பக்கத்திலும் ஒரு தண்டரை உண்டு. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. "அது வட ஆற்காட்டுத் தண்டரைடா" என்று சார் எங்களைத் திரும்பவும் உட்கார வைத்தார். 1965இல் இருவரும் சேர்ந்து நிறுவியது நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று உலகம் முழுக்க அறியப்படுகிறது. அது என்ன சொல்கிறது என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: வாழ்க்கையில் உருப்பட வேண்டுமானால் அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வர வேண்டும்.

எனக்கு வந்தவர் குடை வைத்திருந்தார்.

இரண்டாம் வருஷம் திடீரென்று கல்லூரிக்குப் போவதை நிறுத்தினேன். அறுவடைக்கு ஆள் இல்லை, அப்பாவுக்கு ஒத்தாசையாக நின்றுவிட்டேன் என்று இன்றுவரை வீட்டில் சொல்லிவருகிறேன். மனைவி, மகள், மச்சான் எல்லோரும் அந்தத் தியாகத்தைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நிஜத்தில் ரியல் அனாலிசிஸ் பேப்பர் போய்விட்டது. எடுத்த மார்க்கை எழுத மாட்டேன்; வயதாகிவிட்டது, மரியாதை வேண்டும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மொட்டை வெயிலில், மெயின் ரோட்டில் இறங்கி விசாரித்து விசாரித்து சார் வந்தார். முழுக்கைச் சட்டை, தோல்பை, குடை. கூட்டுறவு சங்கத்திலிருந்து கடன் வசூலுக்கு வந்த ஆள் என்று நினைத்து அப்பா கிணற்றுப் பக்கம் போய் மறைந்துகொண்டார். நான் ஏற்கெனவே வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன். வாசலில் அம்மா மட்டும், "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்க" என்றாள். அது ஒருவகையில் உண்மைதான்.

சார் திண்ணையில் உட்கார்ந்தார், மோர் வாங்கிக் குடித்தார், அங்கேயே இருந்தார். கடைசியில் அப்பாதான் தாங்க முடியாமல் வெளியே வந்தார்.

"உங்க பையனுக்குப் பரீட்சை ஃபீஸ் நான் கட்டிட்டேன். அவன் எழுதலன்னா எனக்கு நஷ்டம்" என்றார் சார். பேப்பர் போன கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கத்துக் கடனை வருஷக்கணக்கில் இழுத்தடிக்கத் தெரிந்த அப்பாவுக்கு, வாத்தியார் காசு மட்டும் தாங்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்.

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்பார், தோளில் தட்டுவார், இருவரும் கண்கலங்குவோம் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்தக் கதையில் அவர் செய்த ஒரே தீங்கு பிற்பாடுதான் தெரிந்தது. மகளுக்கு 2023இல் பொறியியல் கலந்தாய்வு. முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று குடும்பத்தில் ஒருத்தர்கூட பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. வி.ஏ.ஓ. ஆபீசில், "வீட்ல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா?" என்று கேட்டபோது, வாழ்நாளில் முதல் தடவையாக பி.எஸ்சி. என்பதைத் தலைகுனிந்து சொன்னேன். அந்த மனுஷர் அன்றைக்கு பஸ் ஏறாமல் இருந்திருந்தால்!

இன்னொரு வேடிக்கை. மகள் பிறந்த 2005ஆம் வருஷமே, சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதவியல் கழகம் எங்கள் சிறுசேரிக்கே, சிப்காட் வளாகத்துக்குள், வந்துவிட்டது. எந்தக் கணக்குக்காக இரண்டு பஸ் மாறினேனோ அது நடக்கிற தூரத்தில். ஊரில் சிலர், "டியூஷன் சென்டரா? பத்தாங்கிளாஸ் எடுப்பாங்களா?" என்று விசாரித்தார்கள். நானாவது போய் அந்தச் செங்கல்பட்டுக்காரரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்திருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று பைக்கில் மதிலைக் கடந்துகொண்டே இருந்தேன். 2020 ஜூலையில், ஊரடங்கு நாளில், அவர் காலமான செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை 4 மணி. மென்டர் மேடத்துக்கு முப்பது வயசுதான் இருக்கும். மேஜையில் இருபது கோப்புகள். எங்கள் சாருக்குக் கோப்பு கிடையாது, குடை மட்டும்தான். இப்போது கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு, ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர் என்று கணக்குக் கேட்கும். அக்கறைக்கும் ஆவணம் வேண்டும். மேடம் மகளின் கோப்பைத் திறந்தார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம், மாணவர்களே நிரப்ப வேண்டியது. பலம்: ஓவியம். பலவீனம்: காலையில் எழுவது. வாய்ப்பு: காலி. அச்சுறுத்தல் என்ற கட்டத்தில் ஒரே சொல். அப்பா.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எம்-த்ரீ மேத்ஸ்ல அவளுக்கு அரியர். நீங்க பி.எஸ்சி. மேத்ஸ், ஒரு பேப்பர் விடாம பாஸ் பண்ணவர். உங்ககிட்ட சொல்லப் பயந்து ரெண்டு மாசமா ஒளிஞ்சிட்டிருக்கா."

நான் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபூரியர் தொடரில்தான் தடுமாறுகிறாளாம். அந்த ஃபூரியரும் பிரெஞ்சுக்காரர்தான்.

"நான் வேணா வீட்ல சொல்லித்தரட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றார், ரொம்பச் சீக்கிரமாக. "சனிக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு வரைக்கும் நானே அவளோட உக்கார்றேன். காலேஜ் பஸ் போயிடும். நீங்க வந்து கூட்டிட்டுப் போனா போதும்."

முதல் சனிக்கிழமை சீக்கிரமே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் மேடத்தின் சின்னப் பையன் சப்பாத்தி டப்பாவோடு உட்கார்ந்து கிரேயானால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். முன்னால் என் மகளும் இன்னும் மூன்று வார்டுகளும். கரும்பலகையில் ஒரு சைன் அலை. கோப்பில் சனிக்கிழமைக்குக் கட்டம் இல்லை. நான் முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

திரும்பும்போது ஓ.எம்.ஆர். சாலையில் வழக்கமான நெரிசல். சிப்காட் சந்திப்பில் சிவப்பு விழுந்து வண்டியை நிறுத்தினேன். பின்னாலிருந்து மகள் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு அரியரே வந்ததில்லையா?"

சிக்னலில் இன்னும் 48 விநாடி இருந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ, பச்சை விழப்போகுது" என்றேன்.