எத்தனை மடங்கு லூப்?

கேள்வி: 4க்கு 5 அங்குல கேமராவில் ஃபோகஸ் பார்க்க 10 மடங்கு லூப் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்புதான் பூதாகரமாகத் தெரியும், படம் அதில் கரைந்துபோகும். 4 முதல் 6 மடங்கு தாராளம். அதைவிட முக்கியம், லூப்பை உங்கள் கண்ணுக்கேற்பத் திருகிச் சரிசெய்ய முடிகிறதா என்பது. கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்திருக்கும். அதில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அது பளிச்சென்று தெரியும்வரை திருகுங்கள். லூப்பின் அடிப்பாகம் கறுப்பாக இருக்கட்டும். ஒளி புகுந்தால் படம் வெளுத்துவிடும். வைட் லென்ஸில் மூலைகள் இருண்டு கிடக்கும், லூப்பை லென்ஸை நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். வாங்கியதும் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கறுப்புத் துணிக்குள் உலகம் தலைகீழாகத் தெரியலாம். கைநழுவிய லூப் கீழேதான் விழும்!