நாரை தேடு படலம்

சூப்பர்ஜூம் என்பது, பறவை பார்க்கப் புறப்பட்டவன் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடிய கேமரா. இவ்விலக்கணத்தில் மடியே முக்கியம். படக்காரர்களில் மேற்குடியினர் வைத்திருக்கும் 600 மி.மீ. பெருலென்ஸ் தனியாகவே மூன்று கிலோவைத் தாண்டும். அதற்கொரு முக்காலி, முக்காலிக்கொரு கார் என்று பரிவாரம் நீளும். 2018இல் வந்த நிகான் பி1000 மொத்தமே 1.4 கிலோ. ஆனால் 24 மி.மீ.யில் தொடங்கி 3000 மி.மீ. வரை, 125 மடங்கு நீட்டும்.

இந்த 3000 எங்கிருந்து வந்தது என்பார்க்கு விடை: லென்ஸின் உண்மைக் குவியத் தூரம் 539 மி.மீ.தான். உள்ளே இருக்கும் சென்சார் துவரம்பருப்பு அகலம், ஆறு மில்லிமீட்டர் சொச்சம். அது காட்சியின் நடுத்துண்டை மட்டும் ஏந்திக்கொள்வதால் மிச்சத்தைப் பெரிய சென்சாருக்கு ஈடாகச் சொல்லும் எண் பார்த்துக்கொள்கிறது. இதற்கு வட்டியும் உண்டு. முழு நீளத்தில் துளை எஃப்/8 ஆகச் சுருங்கும். பொழுது சாய்ந்தால் படமெங்கும் புள்ளி தட்டும்.

இனி நூற்பா:

கண்டபின் இழுக்க, இழுத்தபின் தேடுவார்
காண்பது கிளையே என்மனார் புலவர்.

இதன் பொருள்: முழுக்க இழுத்த நிலையில் 100 மீட்டர் தொலைவில் இக்கருவி காட்டும் அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். இழுக்காத காட்சியைக் கட்டம் கட்டமாக அறுத்தால் 125ஐ 125ஆல் பெருக்க, 15,625 கட்டங்கள். நாரை இருப்பது ஒன்றில். ஏனையவற்றில் இலை, எச்சம், வானம்.

இதைச் சோதிக்க வேடந்தாங்கலே தக்க களம். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைக்குத்தியும் கூடு கட்டியிருப்பதால், ஆய்வுப்பொருள் அடிக்கடி எழுந்து போய்விடாது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பறவைகள். 1936இல்தான் அரசு சரணாலயமாக அறிவித்தது.

ஆனால் நூற்பா இங்கே எதிர்பாராத வழியில் பொய்க்கிறது. எந்தக் கட்டத்தைத் திறந்தாலும் ஒரு நாரை இருக்கிறது. குஞ்சுக்கு இரை கக்கிக்கொண்டிருந்த அந்த நாரைதான் இல்லை. அதைக் கண்டாலும் அடுத்த இடர்: வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், ஃபிரேமோ அதைவிடக் குட்டை. தலை வேண்டுமா, கால் வேண்டுமா என்பதை எடுப்பவர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

உற்பத்தியாளருக்கும் இது தெரிந்தே இருக்கிறது. லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான்: அழுத்தினால் காட்சி விரியும், விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். கருவியிலேயே அறிவுடைய உறுப்பு இதுதான் என்பது என் கட்சி. வெயில் ஏறினால் அதுவும் உதவாது. ஏரிமேல் காற்று சூடேறி நெளியும்போது நாரையும் நெளியும்; அதைக் கை நடுக்கம் என்று எண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல்தட்டில் காணலாம்.

அங்கே எழும் எதிர்வினாக்களுள் தலையாயது சிறுவர்களுடையது: "அங்கிள், இதுல நிலா தெரியுமா?" தெரியும். முழுநிலா ஃபிரேமின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் கிட்டத்தட்டத் தொடும். கிளை மறைக்காது, கூட்டத்தில் தொலையாது. மாலை ஆறுக்குச் சரணாலயத்தை மூடிவிட்டாலும் பேருந்து நிறுத்தத்தில் நின்று எடுக்கலாம். ஆனால் முக்காலியில் வைத்துவிட்டு டீ வாங்கப் போகக் கூடாது. முழு நீளத்தில் நிலா இரண்டு மூன்று நிமிடத்தில் ஃபிரேமைக் கடந்து போய்விடும். அந்த வகையில் நாரை பரவாயில்லை.