நிருவாகிக்கு டியூஷன்

தென்காசிப் பக்கம் ஒரு பையன் எதற்காவது ஆசைப்பட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘அதுக்கு கோச்சிங் எங்கே?’ என்பதுதான். குரூப் நான்குக்கு உண்டு, காவலர் தேர்வுக்கு உண்டு, நீட்டுக்கு உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் நிருவாகி ஆவதற்கு மட்டும் இருக்கக் கூடாதா என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. அப்படி நினைப்பவரைத்தான் இங்கே பயிற்சி அண்ணாச்சி என்கிறேன். அவர் ஓர் ஆள் அல்ல, ஓர் இனம். தன்னார்வலர்கள் கூடிக் கலைக்களஞ்சியம் எழுதும் எந்த மொழியிலும் இந்த இனம் முளைக்கும். தென்காசி வேட்டியைக் கட்டிவிட்டால் நமக்கு முகம் சட்டென்று பிடிபடும் என்பதால் கட்டிவிட்டிருக்கிறேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் அண்ணாச்சி ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறப்பார். மற்றவர்கள் அதில் யார் எதைக் கெடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அண்ணாச்சி ஆள் பார்ப்பார். சண்டை சச்சரவில்லாமல் நாலு மாதமாகச் சந்திப்பிழை திருத்திக்கொண்டிருக்கும் ஒரு பையன் கண்ணில் பட்டால் போதும், அவன் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி வந்து விழும்: ‘தம்பி, நீங்க ஏன் நிருவாகி ஆகக் கூடாது?’ அதுவரை அவனுக்கு அப்படியொரு நினைப்பே கிடையாது. அன்று ராத்திரியிலிருந்து உறக்கம் கிடையாது.

முதல் பாடம் கணக்கு. வேட்பாளர் என்று ஒருவர் வந்து நின்றால் எல்லாரும் முதலில் பார்ப்பது அவருடைய தொகுப்பு எண்ணிக்கையைத்தான். ஆகவே ஒரு கட்டுரையை முழுசாக எழுதி ஒரே தடவையில் சேமிப்பது ஊதாரித்தனம் என்பது அண்ணாச்சியின் கொள்கை. ‘காற்புள்ளிக்கு ஒரு தடவ சேமி, முற்றுப்புள்ளிக்கு ஒரு தடவ சேமி.’ 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது இந்த வகையில் அவருக்குக் கிடைத்த பெருங்கொடை. செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், ஆலங்குளம் என்று ஒவ்வோர் ஊர்க் கட்டுரையிலும் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டும், பகுப்பை மாற்ற வேண்டும், வார்ப்புருவை மாற்ற வேண்டும். நிதானமாகப் போனால் ஊருக்கு மூன்று தொகுப்பு. வேலை அவசியமானதுதான், யாராவது செய்தே தீர வேண்டும். ஆனால் அதைச் செய்து முடித்தவனுக்கு மாவட்ட எல்லை மனப்பாடம் என்பதைத் தவிர வேறெதுவும் அதனால் நிரூபணமாவதில்லை.

நிருவாகி என்றதும் வெளியாள் மனத்தில் ஒரு நாற்காலி தோன்றுகிறது. உண்மையில் கிடைப்பது சில பொத்தான்கள். பக்கத்தை நீக்கலாம், நீக்கியதை மீட்கலாம், சண்டை நடக்கும் பக்கத்தைப் பூட்டலாம், விஷமம் செய்பவரைத் தடுக்கலாம். சம்பளம் இல்லை. கட்டுரையில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை. அந்த விஷயத்தில் நேற்று வந்த பயனரும் இவரும் ஒன்றுதான். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003இலேயே எழுதிவிட்டார். ஆங்கில விக்கிப்பீடியர்கள் இந்தப் பொறுப்புக்குத் தரை துடைக்கும் மாப்பைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். குற்றாலத்தில் சாரல் காலத்தில் பேரருவிக்கு முன்னால் விசிலோடு நிற்கும் காவலரைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை இன்னும் நன்றாகப் புரியும். அருவி அவருடையதல்ல. எவ்வளவு தண்ணீர் விழ வேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை. வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தொட்டுவிட்டால் எல்லாரையும் வெளியேற்றுவார்; மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் பாட்டி முதல் பேரன் வரை அவரைத் திட்டும். தண்ணீர் குறைந்ததும் உள்ளே விடுவார்; அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நாள் முழுக்க அருவிக்கரையில் நின்றும் அவர் தலை நனைவது கிடையாது, மழை பெய்தாலொழிய.

ஆக, வேலை என்பது தினம் நாலு பேரிடம் திட்டு வாங்குவது. தேர்வோ, இதுவரை யாரிடமும் திட்டு வாங்காதவரைத் தேடுகிறது. சக பயனர்கள் வாக்கெடுப்பில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று பிரித்துப் போடும்போது, என்றைக்கோ ஒருநாள் தன் கட்டுரைக்கு நீக்கல் வார்ப்புரு இட்ட கையை எவரும் மறந்திருப்பதில்லை. எனவே பயிற்சி என்பது, எவரையும் பகைக்காமல் ஆறு மாதம் தள்ளும் வித்தையாகச் சுருங்கிவிடுகிறது. குற்றாலம் கட்டுரையில் யாரோ ஒருவர் ‘காண்போர் மனத்தைக் கொள்ளைகொள்ளும்’ என்று சேர்த்து, அதன் வாலில் ஒரு விடுதியின் கைபேசி எண்ணையும் ஒட்டிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு வராத காலமாக இருந்தால் தம்பி ஒரே சொடுக்கில் அதைத் தூக்கிவிட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் ‘விளம்பரம்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு, சாப்பிடப் போயிருப்பான். இப்போது அண்ணாச்சியைக் கேட்கிறான். ‘நம்பரை மட்டும் எடு. மனசைக் கொள்ளைகொண்டா கொண்டுட்டுப் போகட்டும். ஆளு யாரு எவருன்னு தெரியாது, நாளைக்கு ஓட்டுப் போட வந்தாலும் வருவாரு. அவரு பேச்சுப் பக்கத்துல, தங்கள் பங்களிப்புக்கு நன்றின்னு ஒண்ணு போட்டுரு.’ விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் சூடான விவாதம் நடந்தால் கடைசி ஆளாகப் போய் ‘இரு தரப்பிலும் நியாயம் உள்ளது’ என்று எழுத வேண்டும். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேட்பாளரிடம் கேட்கும் கேள்விக்கும் விடை தயார்: வரும் என்றால் ஆள் காலி, வராது என்றால் எவரும் நம்ப மாட்டார்கள், எனவே கணினியை மூடிவிட்டு ஒரு டீ குடித்து வருவேன் என்று எழுத வேண்டும்.

ஐஏஎஸ்ஸுக்குப் பயிற்சி இல்லையா, அதை மட்டும் ஏன் யாரும் கேலி செய்வதில்லை என்று அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே தேர்வுக்கு ஒரு பயிற்சி, தேறிய பிறகு முசோரியில் வேலைக்கு வேறொரு பயிற்சி. இங்கே வாக்கெடுப்பு முடிந்து உரிமை கொடுத்த நிமிடமே பொத்தான் விரலுக்கடியில் வந்துவிடுகிறது. இதைவிடப் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஆளே வராத இடத்தில், ஆளைக் கூட்டி வருகிறவரையும் கிண்டலடித்தால் எப்படி? ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் 400 பேருக்கு மேல் புதிதாக நிருவாகி ஆனார்கள்; 2018இல் பத்தே பேர். 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவைச் சுமப்பதும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தான். பஞ்சம் மெய். ஆனால் அதற்குப் பயிற்சிதான் மருந்தா என்பதற்கு ஆங்கிலத்திலேயே பதில் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் பயிற்றுநர், மாணவர் என்று பெயர் பதிந்து முறையாகவே கோச்சிங் நடந்தது. விடைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரத் தொடங்கியதும், பயிற்சி பெற்றவர் என்பதே சிலருக்கு எதிர்த்து வாக்களிக்கக் காரணமாயிற்று, திட்டமும் நின்றுபோயிற்று. பிறகு 2024இல் ரகசிய வாக்களிப்பை முயன்று பார்த்தார்கள். ஒரே தேர்தலில் 11 பேர் தேறினார்கள். வேட்பாளர்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் நடத்தவில்லை. தேர்வை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

‘என்ன இருந்தாலும், சொந்தக் கருத்தை அடக்கி வைக்கவாவது சொல்லிக் கொடுக்கிறாரே?’ என்று ஒருவர் அண்ணாச்சிக்கு வக்காலத்து வாங்கலாம். இங்கே குற்றாலத்துக்காரர் ஒருவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954இல் அங்கேயே மறைந்தவர். கம்பராமாயணத்தில் ஒரு செய்யுள் கம்பன் குரலாக இல்லை என்று அவர் காதுக்குப் பட்டால், அது இடைச்செருகல் என்று தள்ளிவிடுவார், சொற்களையும் மாற்றுவார். புலவர்கள் கொதித்தார்கள். விக்கிப்பீடியாவில் அவர் வேட்பாளராக நின்றிருந்தால் முதல் எதிர்ப்பு வாக்கே ‘சொந்த ஆய்வு, சான்று எங்கே?’ என்று விழுந்திருக்கும், விழுந்திருக்கவும் வேண்டும். அவர் கையில் நீக்கல் பொத்தானைக் கொடுத்தால் காவியத்தில் பெரும்பகுதி நீக்கற் பதிவேட்டில்தான் கிடக்கும். ஆனாலும் அவரிடம் ஒரு சௌகரியம் உண்டு. எதை வெட்டுவார், எதற்காக வெட்டுவார் என்பது ஊருக்கே தெரியும். எதிர்க்க வேண்டியவர் எங்கே நின்று எதிர்க்கலாம் என்பதும் தெரியும். அண்ணாச்சியின் மாணவனுக்கும் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் உண்டு. தனக்குப் பிடிக்காத சாதி வரலாற்றுக் கட்டுரையும் உண்டு, பிடிக்காத நடிகரும் உண்டு. பயிற்சி அவற்றைப் போக்கவில்லை, ஒளித்து வைக்கத்தான் கற்றுக் கொடுத்தது. ஆறு மாதம் ‘இரு தரப்பிலும் நியாயம் உள்ளது’ என்று எழுதிய விரல் பொத்தான் கிடைத்த மறுவாரம் எந்தப் பக்கம் சாயும் என்று வாக்களித்த ஒருவராலும் சொல்ல முடியாது. அடக்கிக்கொள்வது வேறு, மறைத்துக்கொள்வது வேறு. வாக்குப் பெட்டிக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன.

ஆள் தேடும் அண்ணாச்சியின் தவிப்பில் மட்டும் எனக்குக் கேலி இல்லை. தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதும் பழுது வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களைத் தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். கட்டுகிறவர்களுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை, பழுது பார்க்கத்தான் ஆள் வராது என்பது அரசனுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியும் ராஜகோபுரம் நெடுங்காலம் மொட்டையாக நின்று, ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990இல்தான். ஆனால் அந்தப் பாண்டியன் பழுது பார்க்கிறவனிடம் கேள்வி கேட்டு வாக்கெடுப்பு வைக்கவில்லை என்பதை அண்ணாச்சி கவனிக்க வேண்டும். பழுதைக் காட்டினான், செய்பவனை வணங்கினான். அதையே இங்கும் செய்யலாம். மாதிரி விடைகளைத் தூர வைத்துவிட்டு, தம்பியைப் படங்களின் உரிமம் பார்க்கும் வேலையில் உட்கார்த்தலாம். அருவிப் படங்களை எங்கிருந்தோ எடுத்துவந்து ‘சொந்தப் படைப்பு’ என்று ஏற்றுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் மூலத்தைத் தேடி, ஏற்றியவருக்கு விளக்கி எழுதி, அவர் ‘நீ யாருய்யா கேக்குறதுக்கு?’ என்று கேட்பதை வாங்கிக்கொண்டு, அடுத்த படத்துக்குப் போக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு சாரல் காலம் முழுக்க இதைச் செய்துவிட்டு மறுநாளும் வந்து உட்காருகிறவனை வாக்கெடுப்புக்குக் கூட்டி வாருங்கள். எதிர்ப்பு நிறையவே விழும், ஒவ்வொன்றுக்கும் காரணமும் பதிவில் இருக்கும், படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். இந்த யோசனையை அண்ணாச்சி இனத்தில் எவரிடம் சொன்னாலும் வரக்கூடிய மறுப்பு ஒன்றுதான்: ‘சீசன் நேரத்துலயா? அப்போ யாருவே வீட்டுக்குள்ள கெடப்பா?’