என்ன குடுக்குது?

போன ஞாயிற்றுக்கிழமை கட்டிய தொண்டை எனக்கு இன்னும் திறக்கவில்லை. அக்கா மகனுக்கு முதல் பைக் எது வாங்கலாம் என்று தீர்மானிக்க ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் கூட்டம் போட்டோம். அக்காவுக்கே மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை பேர் கருத்துச் சொன்னதில்லை. பையனைத் தவிர எல்லோரும் பேசினார்கள். புதிதாக ஓட்டக் கற்பவனுக்கு எந்த வண்டி சரி என்பதில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. அங்கே சொல்ல விடவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போடுவதற்கு 30 நாள் பொறுக்க வேண்டும். எடை ஐம்பத்திரண்டு கிலோ, அதுவும் சாப்பிட்ட பிறகு.

முதலில் எழுந்தவர் அவனுடைய சித்தப்பா. "ஆம்பளப் பையனுக்கு புல்லட்டைத் தவிர வேற என்ன?" என்றார். கிளாசிக் 350-ன் எடை 195 கிலோ. ஏறக்குறைய நாலு பையன்கள். "ஓடும்போது வெயிட்டே தெரியாதுடா" என்றார் சித்தப்பா. நூற்றுக்கு நூறு உண்மை. ஓடாதபோதுதான் தெரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மணல் கொட்டிக் கிடக்கும் இடமாகப் பார்த்து ஒரு காலை ஊன்றி, பின்னால் டவுன் பஸ்காரர் ஹார்னை அமுக்கிக்கொண்டே நிற்க, வண்டி மெதுவாக இடது பக்கம் சாய ஆரம்பிக்கும்போது ரொம்ப நன்றாகத் தெரியும்.

தாத்தாவுக்கும் புல்லட்டில் ஆட்சேபணை இல்லை. ஆனால் இப்போது வருவதை அவர் புல்லட்டாகவே ஒத்துக்கொள்வதில்லை. 1955-ல் மெட்ராஸில் ஆரம்பித்த கம்பெனி வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அப்படி இருந்தால்தான் அது வண்டி. அதை இடம் மாற்றிய பிறகுதான் நாட்டில் ஒழுக்கம் குறைந்தது என்பது அவருடைய முடிவு. இதில் சித்தப்பாவுக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்து, காபி ஆறிப்போனது.

பெரியப்பா ஆர்.எக்ஸ். 100-ஐத் தவிர வேறொன்றையும் பேசவில்லை. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 1985-ல் வந்தது, 1996-ல் நின்றது. பையன் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி. "அந்த பிக்கப் எதுல வருது சொல்லு பாப்போம்?" என்று என்னைப் பார்த்து மிரட்டினார். அவர் சிபாரிசு செய்வது வண்டியை அல்ல, தன்னுடைய இருபத்திரண்டாவது வயசை. அது எந்த ஷோரூமிலும் கிடைக்காது.

அடுத்தது பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பாங்க் சார். யாரும் கூப்பிடவில்லை; காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலை மட்டும் வந்தது. "ஸ்ப்ளெண்டர் வாங்குங்க" என்றது தலை. 1994-லிருந்து ஓடுகிற வண்டி, 97.2 சிசி, எந்தக் கிராமத்திலும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். புதுசாக ஓட்டுபவனுக்கு இது தப்பான யோசனை இல்லை. நான் ஆமோதிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தான் கேட்டுவிட்டார்: "என்ன சார் குடுக்குது?"

அவ்வளவுதான். மேலே மின்விசிறியைத் தவிர எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள்.

"எழுபத்தஞ்சு" என்றார் சார்.

இந்த மைலேஜ் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வெகுநாளாக உண்டு. சம்பளத்தைக் கேட்டால் குறைத்துச் சொல்கிறோம். வயசைக் கேட்டால் குறைத்துச் சொல்கிறோம். மனை வாங்கிய விலையை ரிஜிஸ்தர் ஆபீஸிலேயே குறைத்துச் சொல்கிற நாம், மைலேஜை மட்டும் ஏன் கூட்டிச் சொல்கிறோம்? டீக்கடையில் ஒருவர் அறுபது என்பார். அடுத்தவர் தன்னுடையது அறுபத்தஞ்சு என்பார். மூன்றாவது ஆள் அதுவரை வாயே திறந்திருக்க மாட்டார், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வண்டி எழுபது தாண்டும்ணே. ஓட்ற கையப் பொறுத்தது" என்பார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷம். உன் வண்டி குறைவாகக் கொடுத்தால் குற்றம் வண்டியில் இல்லை, உன் வளர்ப்பில்.

கம்பெனி சொல்லும் கணக்குக்காவது ஓர் ஆதாரம் உண்டு. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே வண்டியை உருளைமேல் நிறுத்தி, ஒரே அறைக்குள் ஓடவைத்து அளக்கிறார்கள். அந்த அறையில் மாடு குறுக்கே வராது. ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. பின்னால் மனைவி இல்லை, முன்னால் குழந்தை இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருபத்தஞ்சு கிலோ பொன்னி அரிசி மூட்டை இல்லை. மலைக்கோட்டைக்குக் கீழே என்.எஸ்.பி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம் முதல் கியரில் நகர்கிற அனுபவம் அந்த உருளைக்குக் கிடைக்கப்போவதே இல்லை. அப்படிப்பட்ட சொர்க்கத்தில் வருகிற கணக்கோடு சரிக்குச் சரி நிற்கிறது பாங்க் சாருடைய வண்டி.

எப்படி அளந்தீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் விளக்குவார்கள். அந்தக் காலத்தில் ரிசர்வ் விழுந்ததும் ஒரு லிட்டர் போட்டு, மீட்டரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, மறுபடி ரிசர்வ் விழுகிறவரை ஓட்டுவது முறை. அந்த ஒரு லிட்டருக்கு அரண்மனை மரியாதை நடக்கும். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. பாலத்தில் ஏறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அன்றைக்கு மட்டும் யாருக்கும் லிஃப்ட் கிடையாது. வண்டி நின்றதும் அப்படியே இடது பக்கம் படுக்கப் போட்டு நிமிர்த்தினால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். அந்தக் கொஞ்சத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். தள்ளிக்கொண்டு போன தூரத்தைச் சேர்த்தவரையும் எனக்குத் தெரியும். மீட்டர் சுற்றியதா இல்லையா என்பது அவருடைய வாதம்; அதற்குப் பதில் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்து, கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ரிசர்வ் திருகும் போயிற்று, சோக்கும் போயிற்று. புகை குறைந்ததோ இல்லையோ, ஒரு தலைமுறையின் விஞ்ஞானம் அழிந்தது. இப்போது வண்டியே திரையில் மைலேஜைக் காட்டுகிறது. நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது தப்பாக் காட்டுது சார், உண்மையில இதவிட அதிகம்" என்கிறார்கள்.

யாராவது, எங்கேயாவது, ஒரு புது வண்டியைச் சுற்றிவந்து, "இது பிரேக் போட்டா எவ்வளவு தூரத்துல நிக்குது?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. போவதைப் பற்றித்தான் கவலை. நிற்பது தானாக நடக்கும் என்று நம்பிக்கை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேலே விற்கிற புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், மற்றதற்கு சிபிஎஸ்ஸாவது வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருந்ததே, எதனால்? நாமாகக் கேட்டிருக்கவே மாட்டோம். ஏபிஎஸ் உள்ள மாடலுக்கு மைலேஜ் குறையுமா என்று வேண்டுமானால் கேட்டிருப்போம். அன்றைக்குச் சித்தப்பா கேட்டார்.

சத்தம் கொஞ்சம் அடங்கின நேரத்தில், பையனை ஒரு தடவை வண்டியில் உட்காரவைத்துப் பாருங்கள், இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று பார்க்கலாம் என்றேன். ஸ்ப்ளெண்டரில் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், கிளாசிக்கில் 805. தாளில் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர். எட்டாத காலுக்குத்தான் அதன் நீளம் தெரியும். நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா, "அவனுக்கென்ன, இன்னும் வளருவான்" என்றாள். பள்ளிக்கூடத்து யூனிஃபார்மையும் அவள் இந்தக் கொள்கையில்தான் தைத்துப் போட்டாள். பைக்கைப் பிறகு மடித்துத் தைக்க முடியாது என்று நான் கத்தினேன். தொண்டை போனது அங்கேதான்.

கடைசியில் ஷோரூமுக்குப் போனோம். எந்த ஷோரூம் என்பது வேண்டாம். போர்டில் எழுதியிருக்கிற விலைக்கு யாரும் வண்டி தரமாட்டார்கள். அது வாசல் வரைக்கும்தான். உள்ளே போனதும் ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், அஞ்சு வருஷத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ், அப்புறம் யாருக்கும் புரியாத ஒரு ஹேண்ட்லிங் சார்ஜ். யார் எதைக் கையாண்டார்கள் என்று கேட்டேன். சேல்ஸ் தம்பி சிரித்தார். எந்த வண்டி என்பதை எங்கள் கூட்டம் முடிவு செய்யவில்லை, பெரியப்பாவின் பிக்கப்போ சாரின் எழுபத்தஞ்சோ முடிவு செய்யவில்லை. அக்கா கறுப்பு வேண்டாம் என்றாள். கறுப்பில்லாமல் ஸ்டாக்கில் இருந்தது ஒன்றே ஒன்று. நம்பர் கூட்டினால் எட்டு வரக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். பையன் எட்டுப் போட்டால்தான் லைசென்ஸே கிடைக்கும் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. தொண்டை இடம் கொடுக்கவில்லை.

லட்சத்தைத் தாண்டிய பில்லில் அத்தான் கையெழுத்துப் போட்டார். ஒரு ரூபாய்க்குக்கூடப் பேரம் இல்லை. எனக்கே ஆச்சரியம். பேனாவை மூடிய பிறகுதான் பேரத்துக்கு வந்தார்.

"தம்பி, ஹெல்மெட் ஃப்ரீதானே?"

"ஃப்ரீதான் சார். ஐ.எஸ்.ஐ. போட்டது. ஆனா தம்பி சைஸ் இப்ப ஸ்டாக் இல்ல, ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் யாரு அலையறது? எந்த சைஸ் இருக்கோ அதக் குடுங்க. போலீஸ்காரன் சைஸா பாக்கப்போறான்?"